முறுகும் செசியும் முறுகாத பெட்டியும்

இது நீண்ட பதிவு. பஸ்ஸில் இருந்து வாசிப்பவர்கள் இறங்கும் இடத்தைத் தவறவிட்டால் நாங்கள் பொறுப்பில்லை.

எங்கள் நடமாடும் நூலக லொறி இரண்டு மாதமாக ஓடவில்லை என்பது ஊருக்கே தெரியும். கதவு நிலையின் மேல் மூலை வெடித்தது. பக்கத் தகடு கையளவு பிளந்தது. ஒரு மழை இரவில் மூன்று தட்டுப் புத்தகங்கள் நனைந்து ஊறிப் போயின. இவ்வளவும் உண்மை. ஆனால் ‘வெல்டிங் பாஸ் மெல்லிய இரும்பைப் போட்டு ஊர்க் காசை அடித்துவிட்டார்’ என்று தேநீர்க் கடையிலும் வட்ஸ்அப்பிலும் சுற்றும் கதை உண்மையல்ல. இரும்பு வாங்கிய பற்றுச்சீட்டுகள் எங்களிடம் இருக்கின்றன. சொன்ன கனத்தில்தான் வாங்கப்பட்டது, சொன்ன கனத்தில்தான் போடப்பட்டது. யாரும் வந்து பார்க்கலாம்.

அப்படியானால் பெட்டி ஏன் வெடித்தது? இந்த இரண்டு மாதமும் நாங்கள் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். வரலாறு படிப்பிப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஆணி கழன்றால் கூட அந்த ஆணி எந்தப் போருக்குப் பிறகு செய்யப்பட்டது என்று கேட்போம். தேடிப் போனதில் லொறிக்கும் பெட்டிக்கும் இடையிலான இந்தச் சண்டை எழுபது எண்பது வருடப் பழசு என்று தெரிந்தது. இராணுவ லொறியின் முதுகில் வீடு கட்ட நினைத்த எல்லோரும் இதில் மாட்டியிருக்கிறார்கள். அந்தக் கதையை முழுதாகச் சொல்கிறோம். பாஸ் மீது கோபமாக இருப்பவர்கள் கடைசிவரை வாசியுங்கள்.

முதலில் ஒரு சிறு வேலை. வீட்டில் ஒரு சப்பாத்துப் பெட்டி இருக்கும். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, இரு முனைகளையும் இரு கைகளால் பிடித்து, ஈரத்துணி பிழிவதுபோல் எதிரெதிராக முறுக்குங்கள். எளிதாக முறுகும். இப்போது மூடியைப் போட்டுச் சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டு முறுக்குங்கள். அசையாது. இன்னும் பலமாக முறுக்கினால் ஒரு மூலை கிழியும். அட்டை அதே அட்டைதான், கனமும் அதேதான். திறந்த வடிவம் முறுகும், மூடிய வடிவம் முறுகாது. தரம் 9 பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டியபோது பின்வரிசையில் ஒரு பிள்ளை கேட்டது: “சேர், அப்ப நம்மட லொறிப் பெட்டியும் இப்பிடித்தான் கிழிஞ்சதா?” எங்களுக்கு இரண்டு மாதம் எடுத்த விடை அந்தப் பிள்ளைக்கு இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது.

லொறியின் அடியில் நீளவாட்டில் இரண்டு இரும்புகள் ஓடும். குறுக்கே ஏணிப்படிபோல் சில இரும்புகள் அவற்றை இணைக்கும். கராஜில் இதைத்தான் செசி என்பார்கள். அந்த நீள இரும்புகள் பெரும்பாலும் ‘ப’ வடிவம், ஒரு பக்கம் திறந்தவை. மூடி கழற்றிய சப்பாத்துப் பெட்டியின் இனம். ஆகவே லொறியின் ஒரு முன்சக்கரம் மேட்டில் ஏறி, எதிர்ப்பக்கப் பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் செசி முறுகும். இது குறையென்று நினைக்கக் கூடாது. முறுகுவதால்தான் நான்கு சக்கரமும் நிலத்தில் நிற்கின்றன. முறுகாவிட்டால் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றும், வண்டி சேற்றில் நின்றுவிடும்.

இதை வெறும் பக்கவிளைவாக விடாமல், வேண்டுமென்றே ஒரு வண்டியின் அடிப்படையாக்கிய கதை 1945இல் தோற்றுப்போன ஜேர்மனியில் தொடங்குகிறது.

அல்பர்ட் ஃபிரீட்ரிக் என்பவர் டைம்லர்-பென்ஸ் கம்பனியில் விமான இயந்திர வடிவமைப்பின் தலைவராக இருந்தவர். போர் முடிந்ததும் ஜேர்மனிக்கு விமானமும் இல்லை, விமான இயந்திரம் செய்ய அனுமதியும் இல்லை. நகரங்கள் இடிந்து கிடந்தன, மக்கள் பசியோடு இருந்தார்கள். அவர் விவசாயிக்கு ஒரு வண்டி வரைந்தார். வயலில் உழ வேண்டும், அறுவடையை ஏற்றிக்கொண்டு சந்தைக்கும் ஓட வேண்டும். டிராக்டருக்கு வேகம் இல்லை, லொறிக்கு வயல் ஒத்துவராது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, 1946இல் முதல் மாதிரி வண்டி ஓடியது. அதற்கு வைத்த பெயரின் சுருக்கம்தான் யுனிமொக்: எல்லா வேலைக்குமான மோட்டார்க் கருவி என்ற பொருள் வரும் ஜேர்மன் சொற்களின் முதலெழுத்துகள்.

அதன் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 1270 மில்லிமீற்றர். ஏன் அந்தக் கணக்கு? இரண்டு உருளைக்கிழங்கு வரிசைக்குச் சரியான அகலம் அது. ஒரு வண்டியின் அளவைக் கிழங்குப் பாத்தி தீர்மானித்தது என்பதை நாங்கள் வகுப்பில் சொல்லாமல் விட்டதே இல்லை. 25 குதிரைவலு டீசல் இயந்திரம், மணிக்கு 50 கிலோமீற்றர் வேகம், நான்கு சக்கரமும் ஒரே அளவு, நான்குக்கும் இழுவை. 1948இல் கோப்பிங்கன் நகரின் போரிங்கர் தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்கியது. 1951இல் டைம்லர்-பென்ஸ் அதைத் தன் காகெனாவ் தொழிற்சாலைக்கு எடுத்துக்கொண்டது.

எங்களுக்கு வேண்டியது அதன் செசி. உழுத வயலில் பாத்தி ஏறி இறங்கும் வண்டி என்பதால் அது முறுக வேண்டும் என்றே செய்யப்பட்டது. லொறிகளில் வழக்கமாக உள்ள பட்டை ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சுருள் ஸ்பிரிங். சக்கரங்கள் தாராளமாக ஏறி இறங்கும், மிச்சத்தைச் செசி முறுகி ஏற்கும். அப்படி முறுகும் செசியின் மேல் ஓட்டுநர் அறையையும் இயந்திரத்தையும் பொருட்தட்டையும் எப்படி வைப்பது? மூன்று புள்ளிகளில் வைத்தார்கள். முக்காலியை எந்தக் கரடுமுரடான தரையில் வைத்தாலும் ஆடாது. நான்கு கால் கதிரைதான் ஆடும், அல்லது அதன் ஒரு கால் உடையும். செசி எப்படி முறுகினாலும் மேலே மூன்று காலில் நிற்பது சாய்ந்து கொடுக்குமே தவிர, தான் முறுகாது.

விவசாயிக்குச் செய்த வண்டியை இராணுவம் விட்டுவைக்குமா? யுனிமொக் 404 என்ற இராணுவ வண்டி 1955இலிருந்து 1980வரை அறுபத்து நாலாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டது. முதலில் ஜேர்மனியில் நிலைகொண்டிருந்த பிரெஞ்சுப் படை வாங்கியது. பிறகு 1955இல் உருவான மேற்கு ஜேர்மன் இராணுவம் பல்லாயிரக்கணக்கில் வாங்கியது. இங்கேதான் எங்கள் கதைக்கு வேண்டிய பெட்டி வருகிறது. இராணுவத்துக்கு வெறும் பொருட்தட்டு போதாது. வானொலி அறை வேண்டும், அம்பியூலன்ஸ் வேண்டும், தீயணைப்பு வண்டி வேண்டும். நாலு சுவரும் கூரையும் தரையும் உள்ள மூடிய பெட்டிகள். அதாவது டேப் ஒட்டிய சப்பாத்துப் பெட்டிகள். முறுகுவதற்கென்றே செய்த செசியின் மேல், முறுகவே முடியாத பெட்டி. எங்கள் லொறியிலும் நடந்தது இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். செசியின் இரு நீள இரும்புகளுக்கு இடையே 80 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். பெட்டியின் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையில் செசி 5 பாகை முறுகினால், ஒரு பக்க இரும்பு மற்றதைவிட ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர் உயரும். பெட்டி அதைவிட அகலம், 2.2 மீற்றர் என்று வைத்தால் பெட்டியின் மூலை ஏறத்தாழ 19 சென்ரிமீற்றர் உயர வேண்டும். கதவும் யன்னலும் உள்ள பெட்டியின் ஒரு மூலையை ஒரு சாண் அளவு முறுக்கினால் என்ன ஆகும்? முதலில் கதவு இறுகும். பிறகு கதவு நிலையின் மூலையில் வெடிப்பு விழும், ஏனென்றால் சுவரில் ஓட்டை உள்ள இடத்தில்தான் முறுக்கு வந்து குவியும். எங்கள் லொறியில் வெடிப்பு எங்கே தொடங்கியது? கதவு நிலையின் மேல் மூலையில்.

இதை வைத்து யாரும் ‘அப்படியானால் பெட்டிக்கு இன்னும் கனமான இரும்பு போட்டிருக்க வேண்டும்’ என்று சொல்லிவிடாதீர்கள். போன கூட்டத்தில் இரண்டு பேர் அதைத்தான் சொன்னார்கள். பெட்டியை இன்னும் பலமாக்கி, செசியோடு இன்னும் இறுக்கிக் கட்டினால், பெட்டி வெடிக்காது. செசி வெடிக்கும். பெட்டியின் முனை எங்கே முடிகிறதோ அங்கே, ஓட்டுநர் அறைக்குப் பின்னால், முறுக்கு முழுவதும் வந்து சேரும். பெட்டி வெடித்தால் புத்தகம் நனையும். செசி வெடித்தால் குளக்கட்டு ரோட்டில் லொறியும் அதில் இருக்கும் பிள்ளைகளும் என்ன ஆவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

யுனிமொக் பற்றிப் பேசும்போது எங்கள் நாட்டோடு அதற்குள்ள உறவைச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் வயதுக்காரர்கள் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள், பெயர்தான் வேறு. தென்னாபிரிக்கா 1970களின் இறுதியில் யுனிமொக் 416 செசியின் மேல் கண்ணிவெடி தாங்கும் ஒரு கவச வண்டியைக் கட்டியது. பஃபல் என்று பெயர். வெடியின் வேகம் இரு பக்கமும் சிதறிப் போவதற்காக அடிப்பாகம் ‘வி’ வடிவில் இருக்கும். ஓட்டுநருக்குத் தனிக் கூடு, படையினருக்குப் பின்னால் திறந்த தொட்டி. 1980களில் அந்த வண்டி இலங்கைக்கு வந்தது. பிறகு அதைப் பார்த்து யூனிகோர்ன், யூனிபஃபல் என்று இங்கேயே செய்தார்கள். தமிழ்ப் பத்திரிகைகள் ‘பவள்’ கவச வாகனம் என்று எழுதியது இதைத்தான். சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டால் உம்மா எங்களை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார். அந்த வண்டியின் மூதாதை இரண்டு கிழங்கு வரிசைக்கு அளவெடுத்துச் செய்த வயல் வண்டி என்பது அப்போது எங்களுக்கு எங்கே தெரியும்.

சரி, செசிக்கு வருவோம்.

முறுகும் செசிதான் வழி என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. செக்கோஸ்லோவாக்கியாவின் டட்ரா கம்பனியில் ஹான்ஸ் லெட்விங்கா என்ற பொறியியலாளர் 1923இலேயே டட்ரா 11 காரில் வேறு பாதையில் போயிருந்தார். ஏணியை எறிந்துவிட்டு, நடுவில் ஒரே ஒரு தடித்த குழாயைப் போட்டார். முதுகெலும்புபோல. சக்கரங்கள் அந்தக் குழாயின் இரு பக்கமும் பறவைச் செட்டைபோல் தனித்தனியே ஏறி இறங்கும். குழாய் மூடிய வடிவம், முறுகாது. மேட்டையும் பள்ளத்தையும் சக்கரங்களே பார்த்துக்கொள்ளும். பிறகு டட்ரா செய்த இராணுவ லொறிகள் எல்லாம் இந்த முதுகெலும்பில்தான் நின்றன. அதன் மேல் பெட்டி வைப்பவனுக்கு நிம்மதி.

அப்படி வைக்கப்பட்ட இரண்டு பெட்டிகள் எங்கள் நாட்டு ரோட்டில் ஓடியிருக்கின்றன. இதைக் கண்டுபிடித்த இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. யிரி ஹன்சல்கா, மிரோஸ்லாவ் சிக்முண்ட் என்ற இரு செக் பயணிகள். 1940களின் இறுதியில் டட்ரா காரில் ஆபிரிக்காவையும் தென்னமெரிக்காவையும் சுற்றியவர்கள். 1959இல் ஆசியாவுக்குப் புறப்பட்டபோது அவர்கள் எடுத்தது டட்ரா 805 என்ற சிறிய இராணுவ லொறி. செக் படையினர் அதற்கு வைத்திருந்த செல்லப்பெயர் ‘வாத்து’. அப்படி இரண்டு வண்டிகள், அவற்றின் முதுகில் படுக்கவும் எழுதவும் படம் எடுக்கும் சாமான் வைக்கவும் வசதியான பெட்டி, பின்னால் இழுவைப் பெட்டி. 1964இல் தான் ஊர் திரும்பினார்கள். அந்தப் பயணத்தில் இலங்கைக்கும் வந்தார்கள், இலங்கை பற்றித் தனி நூலே எழுதினார்கள். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘இலங்கை: தேவதைகள் இல்லாத சொர்க்கம்’. 1968இல் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்ததை எதிர்த்ததால் இருவரின் எழுத்துக்கும் அங்கே தடை விழுந்தது, அந்த நூலும் நீண்டகாலம் கள்ளப் பிரதியாகவே கைமாறியது. இன்று இராணுவ லொறியை வீடாக்கி உலகம் சுற்றுபவர்கள் செய்வதை இவர்கள் அறுபது வருடங்களுக்கு முன்பே செய்துவிட்டார்கள்.

ஜேர்மனியர்களே கூட எல்லா வண்டியையும் முறுக விடவில்லை. 1976இல் அவர்களுடைய இராணுவத்துக்கு வரத் தொடங்கிய மான் கம்பனியின் பெரிய லொறிகளுக்குப் பெட்டி வடிவ இரும்பில் முறுகாத செசி போட்டார்கள், சுருள் ஸ்பிரிங் வைத்துச் சக்கரத்தை ஏறி இறங்க விட்டார்கள். அதற்குச் செலவும் கூட, எடையும் கூட. இராணுவம் வாங்கும். எங்களைப்போல ஏலத்தில் பழைய லொறி எடுப்பவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் முறுகும் ஏணிச் செசிதான்.

பழைய இராணுவ லொறிகள் சாதாரண ஆட்களின் கைக்கு எப்படி வந்தன என்றால், ஒவ்வொரு போருக்குப் பிறகும், ஒவ்வொரு சமாதானத்துக்குப் பிறகும் வந்தன. இரண்டாம் உலகப் போரின் மிச்ச லொறிகள் ஐரோப்பாவில் மரம் ஏற்றின, சர்க்கஸ் கூடாரம் ஏற்றின. 1960களிலும் 70களிலும் இலண்டனிலிருந்து தரைவழியாக ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் இளைஞர்களை ஏற்றி வந்த வண்டிகளில் பழைய இராணுவ பெட்ஃபோர்ட் லொறிகளும் இருந்தன. 1979இல் ஈரானில் புரட்சி, அதே வருட இறுதியில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. அந்தப் பாதை மூடியது. மிகப் பெரிய வெள்ளம் 1990க்குப் பிறகு வந்தது. ஜேர்மனி ஒன்றானது, கிழக்கு ஜேர்மன் இராணுவம் ஒரே நாளில் இல்லாமல் போனது, மேற்கு ஜேர்மன் இராணுவமும் சுருங்கியது. கிழக்கின் இஃபா லொறிகளும் ரோபர் லொறிகளும், மேற்கின் யுனிமொக்குகளும் மான் லொறிகளும், வானொலி அறையாக இருந்த பெட்டிகளும் மலிவாக விற்பனைக்கு வந்தன. அந்தப் பெட்டிகள் குளிர் தாங்கும், மழை தாங்கும், உள்ளே மேசை இருக்கும். இரண்டு கட்டில் போட்டால் வீடு. ஆயிரக்கணக்கானோர் அப்படி வீடு கட்டி சகாராவுக்கும் மொங்கோலியாவுக்கும் போனார்கள்.

போனவர்களில் எங்களைப்போலச் செய்தவர்களும் இருந்தார்கள். பெட்டியை எடுத்துச் செசியில் நேரே இறுக்கிப் பூட்டியவர்கள். முதல் பாலைவனத்திலேயே கதவு திறக்காமல் யன்னல் வழியாக இறங்கியவர்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் இன்றைய வழிகள் நிலைபெற்றன. லொறிக் கம்பனிகள் பெட்டி கட்டுபவர்களுக்குக் கொடுக்கும் கையேடுகளிலும் இவை இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: செசிக்கும் பெட்டிக்கும் நடுவில் இன்னொரு சட்டம் வேண்டும். சப் பிரேம் என்பார்கள். பெட்டி அதில் உட்காரும். அது செசியில் உட்காரும் விதத்தில்தான் சூட்சுமம்.

யுனிமொக்போல் குட்டையான, மிக அதிகமாக முறுகும் வண்டிக்கு முக்காலி வழி. சப் பிரேம் மூன்று இடத்தில் மட்டும் செசியைத் தொடும், அதில் ஒன்று சுழலும் மூட்டு. நான்கு மூட்டை வைர வடிவத்தில் வைப்பவர்களும் உண்டு. இதில் ஒரு சிக்கல், பெட்டியின் பாரம் முழுவதும் அந்த மூன்று நான்கு இடத்தில் போய்க் குவியும். செசி அதற்கென்று பலப்படுத்தப்பட்டிருக்க வேண்டும்.

எங்களுடையதுபோல் நீளமான, நடுத்தரமாக முறுகும் லொறிக்கு ஸ்பிரிங் வழி. இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள், சனிக்கிழமை பேசப்போவது இதைத்தான். சப் பிரேமின் இரு நீள இரும்புகளும் செசியின் இரு நீள இரும்புகளின் மேல் முழு நீளத்துக்கும் அப்படியே படுத்திருக்கும். ஆகவே பாரம் எங்கும் குவியாமல் பரவும். பெரும்பாலும் பின்பக்கத்தில், பின் அச்சுக்கு மேலே, தகடு வைத்துப் போல்ட்டால் அசையாமல் பூட்டுவார்கள். முன்பக்கம், ஓட்டுநர் அறைக்குப் பின்னால், அப்படிப் பூட்டுவதில்லை. சப் பிரேமிலிருந்தும் செசியிலிருந்தும் ஒவ்வொரு காது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் துளைத்து ஒரு நீண்ட, நல்ல உருக்குப் போல்ட் இறங்கும். அந்தப் போல்ட்டில் ஒரு பலமான சுருள் ஸ்பிரிங், மேலே வொஷரும் இறுகித் தளராத நட்டும். சாதாரண ரோட்டில் ஸ்பிரிங் பெட்டியைக் கீழே அழுத்திப் பிடித்திருக்கும், எதுவும் அசையாது. சக்கரம் பள்ளத்தில் இறங்கிச் செசி முறுகும்போது, ஒரு பக்கச் செசி இரும்பு சப் பிரேமைவிட்டுக் கீழே இறங்கும். ஸ்பிரிங் அமுங்கி இடம் கொடுக்கும். இரண்டு இரும்புக்கும் நடுவில் விரல் போகும் அளவு வெளி தெரியும். பள்ளம் தாண்டியதும் ‘டப்’ என்று மூடிக்கொள்ளும்.

பக்கவாட்டில் நழுவாமல் இருக்க, செசியின் வெளிப்புறமாக வழிகாட்டித் தகடுகள் இறங்க வேண்டும். மேலும் கீழும் போகலாம், இடம் வலம் போகக் கூடாது. ஸ்பிரிங்கின் பலத்தில் அளவு தவறக் கூடாது. இளக்கமாக இருந்தால் வளைவில் பெட்டி தூக்கி அடிக்கும், அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்பிரிங் இருந்தும் இல்லாததுபோல. இன்னொன்று, செசியின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடவோ வெல்ட் வைக்கவோ கூடாது. அந்த இரும்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நடுச் சுவரில், கம்பனி போட்டு அனுப்பிய துளைகளைப் பயன்படுத்த வேண்டும். ஓட்டுநர் அறைக்கும் பெட்டிக்கும் நடுவில் இடைவெளி விட வேண்டும், இரண்டும் வேறு வேறு விதமாக ஆடும். நடுவில் வழி வேண்டுமென்றால் ரயில் பெட்டிகளுக்கு இடையில் இருப்பதுபோல் மடிப்பு ரப்பர்தான்.

இப்போது எங்கள் பிழை.

எங்கள் ஊரில் பழைய லொறிகளுக்கு மரப் பொடி கட்டிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். செசி இரும்பின் மேல் நீளவாட்டில் தடித்த மரச் சட்டம் வைத்து, யூ போல்ட்டால் பிணைத்து, அதன் மேல் பொடி ஏற்றுவார்கள். லொறி திரும்பும்போது ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் வரும். பொடி பலமில்லை, அதனால்தான் முனகுகிறது என்று நாங்கள் நினைத்திருந்தோம். மரமும் போல்ட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, செசியின் முறுக்கைப் பொடிக்குப் போகவிடாமல் தாங்களே வாங்கிக்கொண்ட சத்தம் அது. அந்தத் தச்சர்களிடம் எந்தக் கையேடும் இருக்கவில்லை.

நூலகப் பெட்டி கட்டத் தொடங்கிய நாள், பாஸ் எங்களிடம் சொன்னார்: “சேர், நேர வெல்ட் வைக்க வேணாம். நடுவில மரம் வெச்சு யூ போல்ட் போடுவம். வாப்பா அப்பிடித்தான் செஞ்சவர்.” நாங்கள்தான் வேண்டாம் என்றோம். மரம் உக்கிப்போகும், போல்ட் கழரும், பிள்ளைகள் ஏறும் வண்டி, இரும்போடு இரும்பாக வெல்ட் வைத்தால்தான் உறுதி என்றோம். குழுவில் ஏழு பேர் இருந்தோம், ஏழு பேரும் அதையே சொன்னோம். எல்லோரும் படித்தவர்கள். அவர் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, “சரி, நீங்க சொல்லுறமாதிரி” என்று முகமூடியைப் போட்டுக்கொண்டார்.

வெடித்த பிறகும் அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. கடையில் வைத்து முகத்துக்கு நேரே கேட்டவர்களிடமும் சொல்லவில்லை. போன வாரம் நாங்கள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். தேநீர் தந்தார். ஸ்பிரிங் வழியைக் கடதாசியில் வரைந்து காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காதுகளை நாங்கள் வரைந்த இடத்திலிருந்து ஒரு சாண் முன்னே தள்ளி வரைந்தார், அங்கேதான் செசியில் பழைய துளை இருக்கிறதாம்.

ஆகவே வட்ஸ்அப்பில் அவரைப் பற்றி எழுதியவர்கள் அதை அழித்துவிடுங்கள். எழுத வேண்டுமென்றால் எங்களைப் பற்றி எழுதுங்கள், பெயர்ப் பட்டியல் நூலகச் சுவரில் இருக்கிறது. இரண்டாவது தடவை ஊரில் காசு சேர்க்க மாட்டோம். இந்தத் திருத்த வேலைக்கான செலவைக் குழுவின் ஏழு பேரும் பகிர்ந்துகொள்வதாக முடிவெடுத்திருக்கிறோம். பாஸ் கூலி வேண்டாம் என்றார், அதற்கு மட்டும் நாங்கள் உடன்படவில்லை.

சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு லொறி நிற்கும் வளவுக்கு வாருங்கள். பெட்டியின் வெல்டிங்கை வெட்டிச் செசியிலிருந்து பிரித்தாயிற்று. முன் இடது சக்கரத்தின் கீழும் பின் வலது சக்கரத்தின் கீழும் கட்டை வைத்து ஏற்றி, செசி உண்மையில் எவ்வளவு முறுகுகிறது என்று அளக்கப் போகிறோம். ஸ்பிரிங்கின் அளவை அதை வைத்துத்தான் பாஸ் முடிவு செய்வார். தரம் 9 பிள்ளைகள் அளவு நாடாவோடு வருவார்கள். இரண்டு நல்ல ஜக்கும், ரயில் சிலீப்பர் கட்டை இருப்பவர்கள் நான்கு கட்டையும் தந்து உதவினால் போதும். நனைந்த புத்தகங்களில் நாற்பத்தொன்று வெயிலில் காய்ந்து பிழைத்துவிட்டன, அவற்றை நூலகத்தில் வந்து எடுத்துப் போகலாம்.